செவ்வரத்தையும் நந்தியாவட்டையும்

அம்மா: நிப்பாட்டுங்கோ. சைக்கிளைத் திருப்புங்கோ.

அப்பா: நான் நிப்பாட்டத் தேவையில்லை, அதுவே நிக்கப்போகுது. பின்சில்லில காத்தில்லை.

அம்மா: நல்லதாப் போச்சு. நான் இறங்குறன். உருட்டிக்கொண்டு திரும்பிக் கோயிலுக்குப் போவம்.

அப்பா: கோயிலுக்கோ! வற்றாப்பளையில இருந்து கேப்பாப்பிலவு மட்டும் உன்னைக் காரியரிலயும் பிள்ளையை முன்பாரிலயும் வைச்சு உழக்கிக்கொண்டு வாறன். இன்னும் புதுக்குடியிருப்பு தாண்டி உடையார்கட்டு மட்டும் கிடக்கு. இப்ப எதுக்குத் திரும்ப?

அம்மா: பூவை இன்னொருக்காக் கேக்கவேணும்.

பிரேமிளா: கேட்டாச்சு. வெள்ளை வந்தாச்சு. முடிஞ்சுது.

அம்மா: நீ சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நில். நான் கொப்பரோட கதைக்கிறன்.

பிரேமிளா: என்ர படிப்பு... என்ர பூ... நான் பேசாமல் நிக்கவேணும். நல்ல நியாயம்.

அப்பா: இஞ்சார் சிவலட்சுமி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வெள்ளைப் பூ வந்தா ஏ.எல்லுக்கு பயோ, டொக்டர் படிப்பு. சிவப்பு வந்தா ஏ.எல் இல்லை, மெக்கானிக் வகுப்பு. இப்பிடிப் பூக் கட்டிப் பாப்பம் எண்டு சொன்னது ஆர்?

அம்மா: நான்தான்.

அப்பா: பூ ஆய்ஞ்சது ஆர்?

அம்மா: நான்தான்.

அப்பா: வாழையிலையில சுத்தி, நாரால கட்டி, ரெண்டு சரையாக் கொண்டந்தது ஆர்?

அம்மா: நான்தான், நான்தான்! அதுக்கு இப்ப என்ன?

அப்பா: கோயிலில அம்மாள் வாசலில வைச்சு நான் ஒரு சரையை எடுத்தன். பிரிச்சா நந்தியாவட்டை. வெள்ளை! நீ கேட்டதுதானே வந்தது? ஓ.எல் றிசல்ற் வந்த நாளில இருந்து "பயோ, பயோ" எண்டு இந்தப் பிள்ளையின்ர உயிரை எடுத்தாய். என்ர உயிரையும் சேத்து. கேட்டது கிடைச்ச பிறகு ஏன் செத்தவீட்டுக்குப் போட்டு வாற மாதிரி வாறாய்?

அம்மா: மனசு சரியில்லை.

அப்பா: உன்ர மனசு எண்டைக்குச் சரியா இருந்தது...

அம்மா: என்ன?

அப்பா: ஒண்டுமில்லை. சில்லைப் பாக்கிறன்.

அம்மா: நீங்கள் எந்தக் கையால எடுத்தனியள்?

அப்பா: வலக்கையால.

அம்மா: பூசாரியார் "வீட்டுக்காரரே ஒண்டை எடுங்கோ" எண்டு சொன்ன உடனை எடுக்கவேண்டியதுதானே? ரெண்டையும் உள்ளங்கையில வைச்சுக்கொண்டு ஏன் அவ்வளவு நேரம் நிண்டனியள்? பின்னுக்கு நிண்ட சனம் முறைக்குது.

அப்பா: கும்பிட்டனான்! கோயிலில கும்பிடவும் கூடாதோ?

அம்மா: நீங்கள் கும்பிடுற ஆள்தான்...

அப்பா: நல்ல கதை. கேட்டது வந்தாலும் என்னிலதான் பிழை, வராட்டியும் என்னிலதான் பிழை. பிள்ளை, நீயாவது சொல்லு. நீ மெக்கானிக் வகுப்புக்குப் போகவேணும் எண்டு முந்தநாள் சாப்பிடாமல் கிடந்தனியெல்லே?

பிரேமிளா: கிடந்தனான்.

அப்பா: இப்ப என்னெண்டு உடனை ஓமெண்டிட்டாய்?

பிரேமிளா: அம்மாளிட்டக் கேட்டது. அவா சொல்லிட்டா. பேந்து நான் என்ன மாறிக் கதைக்கிறது?

அப்பா: சரி. பயோ வேணுமெண்டவா இப்ப வேண்டாமெண்டுறா. வேண்டாமெண்டவள் இப்ப ஓமெண்டுறாள். ரெண்டு பேரும் கட்சி மாறிட்டியள், எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை.

அம்மா: நாளைக்குக் காலமை பத்து மணிக்கு முதல் அதிபரிட்டப் படிவம் குடுக்கவேணும். மெக்கானிக் வகுப்புக்குப் பெயர் பதியிறதும் நாளைக்குத்தான் கடைசி. ஒண்டு எழுதினா மற்றது இல்லை. அதாலதான் சொல்லுறன், திரும்பிப் போவம்.

அப்பா: திரும்பிறதெண்டாலும் சில்லு உருள வேணும். பிள்ளை, உந்தப் பைக்குள்ள ஒட்டுற சாமான் கிடக்கு. இதை ஒருக்காப் பார்.

பிரேமிளா: ஏலாது.

அப்பா: என்ன?

பிரேமிளா: நான் டொக்டருக்குப் படிக்கப்போறன். டொக்டர்மார் பஞ்சர் ஒட்டுறேல்லை.

அப்பா: எடி பிள்ளை, இன்னும் படிவமே நிரப்பேல்லை!

பிரேமிளா: இப்பவே பழகவேணுமெல்லே. டொக்டராகப் போற பிள்ளையின்ர நகத்துக்குள்ள கிறீஸ் இருக்கப்படாதெண்டு அம்மா எத்தினை தரம் சொன்னவா.

அம்மா: பாருங்கோ இவளின்ர வாயை!

பிரேமிளா: மெக்கானிக் பாலன் அண்ணையின்ர கராச்சுப் பக்கம் தலை வைச்சுப் படுத்தாலும் காலை முறிப்பன் எண்டவா. இப்ப நான் சில்லில கை வைச்சா கையையும் முறிப்பா.

அப்பா: கோதாரி... விடு. நானே பாக்கிறன். அந்தக் கரண்டியைத் தா.

பிரேமிளா: இந்தாங்கோ.

அப்பா: ரயரைக் கிளப்ப... இப்பிடிக் குடுத்து...

பிரேமிளா: அப்பா.

அப்பா: என்ன?

பிரேமிளா: ஒண்டுமில்லை.

அப்பா: இப்பிடிக் குடுத்து நெம்பினா... வரும்...

பிரேமிளா: அப்பா, கரண்டியை அவ்வளவு உள்ளுக்கு விடாதேங்கோ. ரியூப் கடிபடும்.

அப்பா: நீ டொக்டர். பேசாமல் நில்.

பிரேமிளா: கடிபடுது அப்பா!

அப்பா: கடிபடேல்லை. எனக்குத் தெரியாதே? நீ பிறக்க முதலே நான்... ஆ!

அம்மா: என்ன சத்தம் அது?

பிரேமிளா: ரெண்டாவது ஓட்டை.

அம்மா: ஐயோ! இருந்ததே அந்த ஒரு ரியூப். கடையில கண்ணுக்கும் காணக் கிடைக்காத சாமான்... விடுங்கோ! எடுங்கோ கையை! அவளிட்டக் குடுங்கோ.

பிரேமிளா: நான் டொக்...

அம்மா: எடி, வாயைப் பொத்திக்கொண்டு ஒட்டு!

பிரேமிளா: அப்பிடி வாங்கோ வழிக்கு. அப்பா, தள்ளுங்கோ. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டுங்கோ. அம்மா, வாய்க்காலில கொஞ்சம் தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ, குமிழ் வாற இடத்தைப் பாக்கவேணும்.

அம்மா: எதில அள்ளுறது? பொங்கல் சட்டியிலயோ?

பிரேமிளா: வேற என்ன கிடக்கு? ரியூப் ஒண்டும் தீட்டில்லை, கொண்டு வாங்கோ.

அப்பா: எனக்கு ஒரு வேலையும் இல்லையோ?

பிரேமிளா: இருக்கு. இந்தப் பழைய ரியூப் துண்டைக் கல்லில தேய்ச்சுச் சொரசொரப்பாக்கித் தாங்கோ. ரெண்டு துண்டு. உங்கட ஓட்டைக்கும் சேத்து.

அப்பா: எனக்கெண்டு ஒரு ஓட்டை...

அம்மா: இந்தா தண்ணி.

பிரேமிளா: பிடியுங்கோ... ம்... இதில குமிழ் வருது, இதிலயும் வருது. இது முள்ளு. இது அப்பா.

அப்பா: சொல்லிக் காட்டாதை, பிள்ளை.

அம்மா: ஒட்டி முடிச்ச உடனை கோயிலுக்குத் திரும்புவம்.

பிரேமிளா: அம்மா, உங்களுக்கு என்னதான் பிரச்சினை? ரெண்டு மாசமா ஒரே பாட்டு. சஜீவன் டொக்டர் இல்லாமல் செத்தவன், அதால என்ர பிள்ளை டொக்டராக வேணும். கிணத்தடியில சொன்னியள். சங்கக்கடை வரிசையில சொன்னியள். அதிபரிட்டயும் போய்ச் சொன்னியள். சரி, இப்ப ஆகிறன் எண்டுறன். பேந்து ஏன்?

அம்மா: ஆகிறன் எண்டுற முகமே இது?

பிரேமிளா: முகம் எப்பிடி இருந்தா என்ன? மார்க்ஸ் முகத்துக்குப் போடுறேல்லை.

அம்மா: தம்பியின்ர பெயரை உப்பிடி இழுத்துக் கதைக்காதை.

பிரேமிளா: இழுக்கிறது நானில்லை, நீங்கள். அதுவும் பொய்யா இழுக்கிறியள்.

அப்பா: பிள்ளை...

பிரேமிளா: இல்லை அப்பா, இண்டைக்குச் சொல்லத்தான் போறன். தம்பி டொக்டர் இல்லாமல் சாகேல்லை. டொக்டர் நிண்டவர். மூளை மலேரியா எண்டு நாங்கள் சொல்லியனுப்ப, அந்த மனுசன் ஆசுப்பத்திரி வாசலிலேயே எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவர். நாங்கள்தான் போய்ச் சேரேல்லை. மண்ணெண்ணெயில ஓடின வான் வள்ளிபுனத்தடியில நிண்டிட்டுது. ஒண்டரை மணித்தியாலம்! தம்பியின்ர தலை என்ர மடியில கிடந்தது அம்மா. எனக்குப் பதின்மூண்டு வயசு. றைவரும் கிளீனரும் தள்ளினதுதான், ஸ்ராட் பண்ணப் பெற்றோல் ரெண்டு சொட்டு ஆரிட்டயும் இருக்கோ எண்டு றோட்டால போற வாற ஆக்களைக் கேட்டதுதான்...

அம்மா: காணும்.

பிரேமிளா: டொக்டர் என்ன சொன்னவர்? அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தா எண்டவர். அந்த வானுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமோ? போன வருஷம் பாலன் அண்ணை சொல்லித்தான் எனக்கே தெரியும். காபரேற்றருக்குள்ள ஊத்தை. கழட்டி, வாயால ஊதிப் பூட்டினா அஞ்சு நிமிசத்தில ஸ்ராட் வந்திருக்கும். அஞ்சு நிமிசம், அம்மா! அண்டைக்கு அதை ஊதத் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்திருந்தா...

அம்மா: தெரியும்.

பிரேமிளா: என்ன தெரியும்?

அம்மா: டொக்டர் வாசலில நிண்டது எனக்குத் தெரியும். நானும்தானே அந்த வானுக்குள்ள இருந்தனான்.

பிரேமிளா: பேந்து ஏன் ஊரெல்லாம் மாத்திச் சொன்னனியள்?

அம்மா: வான் நிண்டதால பிள்ளை போட்டுதெண்டு என்னெண்டு சொல்லுறது? ஒரு ஊத்தைத் துண்டால என்ர பிள்ளை போனதெண்டு... அதை வாயால சொல்ல எனக்கு ஏலாது. டொக்டர் இல்லை எண்டா நாலு சனம் "ஓம், பாவம்" எண்டுங்கள். அதோட கதை முடிஞ்சிடும்.

அப்பா: சரி, சரி. றோட்டில வைச்சு அழாதை. பிள்ளை, நீ ஒட்டு.

பிரேமிளா: ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறன்... சொலூசன் காயவேணும்.

அம்மா: போன மாசம் தங்கம்மாவின்ர மோளைப் பிள்ளை பெற வயித்துக் குத்தோட ஏத்திக்கொண்டு போன வான் எங்கட படலையடியில நிண்டது...

பிரேமிளா: அதுக்குத்தான் நீங்கள் எனக்குப் பேசித் தள்ளினியளே. புதுச்சட்டையெல்லாம் எண்ணெய், பொம்பிளைப் பிள்ளை றோட்டில வானுக்குக் கீழ கிடக்கிறாள் எண்டு.

அம்மா: பேசினனான். நீ கீழ பூந்து வெளியில வர நான் எண்ணிக்கொண்டு நிண்டனான். அஞ்சு நிமிசம்கூட இல்லை. வான் வெளிக்கிட்டிட்டுது. தாயும் பிள்ளையும் தப்பிட்டினம். அடுத்தநாள் தங்கம்மா வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு அழுதவள். "உன்ர பிள்ளை இல்லையெண்டா" எண்டு... நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான்.

பிரேமிளா: எனக்குச் சொல்லேல்லையே.

அம்மா: என்னெண்டு சொல்லுறது? ரெண்டு மாசமாக் கத்திப்போட்டு, எந்த வாயால "சரி, நீ மெக்கானிக்குக்குப் போ" எண்டு சொல்லுறது? எனக்கு வெக்கமில்லையே? அதாலதான்...

அப்பா: அதாலதான் என்ன?

அம்மா: ஒண்டுமில்லை.

அப்பா: சிவலட்சுமி! விடியவில இருந்து ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு கொல்லுறாய். என்ன செய்தனி?

அம்மா: ரெண்டு சரையிலயும் செவ்வரத்தைதான் வைச்சனான்.

அப்பா: என்ன?

அம்மா: ரெண்டிலயும் சிவப்பு. எதை எடுத்தாலும் மெக்கானிக்தான் வரும். அம்மாள் சொல்லிட்டா எண்டு நானும் மரியாதையா ஓமெண்டிடலாம் எண்டு நினைச்சன்.

அப்பா: அடி பாவி! அம்மாளிட்டயே...

அம்மா: ஓம்! அவாவோடதான் விளையாடினனான். அவா விடுவாவே? கடல்தண்ணியில விளக்கெரிய வைக்கிறவா. அவாவுக்குச் சிவப்பை வெள்ளையாக்கிறது ஒரு வேலையே? நீங்கள் சரையைப் பிரிக்க நந்தியாவட்டை கிடக்கு... அதாலதான் திரும்பிப் போவம் எண்டுறன். ஒரு தேங்காயை உடைச்சு, செய்தது பிழை தாயே எண்டு விழுந்து கும்பிட்டு, ஒழுங்கா இன்னொருக்காக் கேப்பம்.

அப்பா: நாலரைக் கட்டைத் தூரம், சிவலட்சுமி! இந்த ஒட்டுப்போட்ட ரியூபோட! போய் வந்து, நாளைக்குப் பத்து மணிக்கு முதல் என்னெண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விடுறது?

அம்மா: அப்ப அவா தந்ததையே எடுக்கவேண்டியதுதான். நான் களவு செய்தும் அவா வெள்ளையைத்தான் தந்தவா எண்டா, அதுக்கு மேல நான் ஆர்? பிள்ளை, நாளைக்குப் பயோ எண்டு எழுது.

அப்பா: பிள்ளை, என்ன காத்தடிக்கிறதை விட்டிட்டாய்?

அம்மா: எடியே, உனக்கு என்ன?

பிரேமிளா: அம்மா... என்ர சட்டைப் பைக்குள்ள சவுக்காரப் பெட்டி கிடக்கு. எடுத்துத் திறவுங்கோ.

அம்மா: சவுக்காரம் கண்டு எத்தினை மாசம். வெறும் பெட்டியை ஏன்...

பிரேமிளா: திறவுங்கோவன்.

அம்மா: இது... ரெண்டு சரை. என்ர நார். நான் போட்ட முடிச்சு.

பிரேமிளா: பிரிச்சுப் பாருங்கோ. நான் பிரிக்கேல்லை.

அம்மா: சிவப்பு... இதுவும் சிவப்பு. இது என்னெண்டு உன்ர பெட்டிக்குள்ள?

பிரேமிளா: கோயில் கிணத்தடியில நீங்கள் கால் கழுவேக்க சரையளை என்னட்டத் தந்தனியளெல்லே... அப்ப மாத்தினனான்.

அப்பா: நீயுமோ!

பிரேமிளா: அம்மா ரெண்டிலயும் வெள்ளைதான் வைச்சிருப்பா எண்டு நினைச்சன் அப்பா. சத்தியமா அப்பிடித்தான் நினைச்சன். அதாலதான் முதல்நாளே வேற ரெண்டு சரை கட்டி வைச்சுக்கொண்டு வந்தனான்.

அம்மா: அதில ரெண்டிலயும் சிவப்பை வைச்சிருக்கலாமே, விசரி?

பிரேமிளா: வைக்கேல்லை. ஒண்டில சிவப்பு, ஒண்டில வெள்ளை. உங்களை மாதிரிக் களவு செய்யக்கூடாது, நான் நியாயமாக் கேப்பன் எண்டு...

அம்மா: என்னை நம்பேல்லை.

பிரேமிளா: இல்லை.

அம்மா: ஒருக்காப் பிரிச்சாவது பாத்திருக்கலாம்.

பிரேமிளா: பாத்திருந்தா உங்களில கோவம் வரும். உங்களோட கோவிச்சுக்கொண்டு கும்பிட ஏலாதெண்டு பாக்கேல்லை.

அம்மா: நீ கையை வைக்காமல் விட்டிருந்தா சிவப்பு வந்திருக்கும். நீ கேட்டதுதான் வந்திருக்கும், மடைச்சி!

பிரேமிளா: தெரியும் அம்மா. இப்ப தெரியும்.

அம்மா: அழாதை. இஞ்ச வா... கை கிறீஸ் எண்டாலும் பறவாயில்லை, வா. என்ன செய்யிறது? இனி ஒரு கதையும் இல்லை. நீ நியாயமாக் கேட்டனி. நியாயமாக் கேட்டதுக்கு அம்மாள் வெள்ளையைத் தந்திட்டா. அது அவாவின்ர வாய்ச்சொல். அதை நான் மாத்த ஏலாது, நீயும் மாத்த ஏலாது. இஞ்சாருங்கோ, ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? பிள்ளைக்கு ஒரு ஆறுதல் சொல்லுங்கோவன்.

அப்பா: அம்மாள் தரேல்லை, சிவலட்சுமி... நான்தான் பாத்து எடுத்தனான். கையில வாங்கின உடனையே தெரிஞ்சுது. செவ்வரத்தை வைச்சது தடிப்பா இருந்துது, நந்தியாவட்டை வைச்சது மெல்லிசா இருந்துது. கும்பிடுறன் எண்டு நிண்டு தடவித் தடவி, மெல்லிசை எடுத்தனான்... சஜீவன் போன பிறகு நீ ஒருநாளும் சிரிச்சு நான் காணேல்லை. வெள்ளை வந்தா எண்டாலும் சிரிப்பாய் எண்டு நினைச்சன்.